கிளட்ச் அறியாத தண்டு

சாக்கு சுற்றி வந்தது
சித்தூர் பழைய இரும்புக் கடையிலிருந்து.
பலமனேர் ஏற்றத்தில்
தன் கிராங்க் ரெண்டாய் முறிந்த மறுநாள்
முனிகிருஷ்ணன் எடைக்கு வாங்கிய மாற்று.
"ஆறு சிலிண்டர், நம்ம இன்ஜின்தான்.
கடைக்காரன் பிள்ளை மேல சத்தியம் பண்ணான் அண்ணா."
சத்தியத்தை அளக்கும் மைக்ரோமீட்டர்
என் டிராயரில் இல்லை.

பரதராமி செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் பட்டறை.
வெளியே பெங்களூரா மாங்காய் லாரிகள்
கூழ் ஆலைக்குப் போகக் காகிதம் காட்டி நிற்கின்றன.
சீசன் இன்னும் இருபது நாள்.
அதை அவன் மூன்று தரம் சொல்லிவிட்டான்.

டீசல் ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்ததும்
மூன்றாவது வெப்பில் எண் எழுந்தது.
கடைசி இலக்கம்
இலியாஸ் நின்ற பக்கம் ஆறு,
முனிகிருஷ்ணன் நின்ற பக்கம் ஒன்பது.
தண்டுக்கு ஏது தலைமாடு, கால்மாடு.
பக்கத்திலே எவனோ உளியால் குத்திய எழுத்து,
வட்டத்தின் மேல் ஒரு டிக்.
எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது.
"ர" என்றான் முனிகிருஷ்ணன்.
ரமணய்யாவோ, ரிப்பேரோ,
ரத்து செய்ததோ.

எண்ணை விட்டோம்.
செயின் பிளாக்கில் தொங்கவிட்டுச்
சுத்தியலால் ஒரு தட்டு.
முழுசாய் ஒலித்தது.
அதை அமுக்க
வெளியே ஒரு ஏர்ஹாரன் வேண்டியிருந்தது.
மண்ணெண்ணெய் துடைத்து
சாக்பீஸ் தூள் தூவிக் காத்திருந்தோம்:
வெள்ளையில் ஒரு கோடும் கசியவில்லை.

மெயின் ஏழும் ஸ்டாண்டர்டு.
பின் ஆறும் இருபது தவ் குறைவு,
நாலாவதில் மட்டும் அரை தவ் ஓவல்.
ஸ்ட்ரோக், பழைய துண்டோடு வைத்துப் பார்த்தால்
மயிரிழை மாறவில்லை.
முனிகிருஷ்ணன் டீ சொல்லிவிட்டான்,
மூணு டீ, ஒரு பட்டர் பிஸ்கட் பாக்கெட்.

எனக்குத்தான் கை நகரவில்லை
த்ரஸ்ட் வாஷர் உரசும் அந்த முகத்தைவிட்டு.
லாரியில் ஓடிய தண்டு எதைக் கொண்டுவந்தாலும்
அங்கே ஒரு பள்ளம் கொண்டுவரும்.
டிரைவர் கிளட்ச் மிதிக்கும்தோறும்
தண்டு ஒரு இம்மி முன்னால் தள்ளப்படும்.
எருமை குறுக்கே வந்தது,
கேட் போட்டிருந்தது,
ஹேர்பின் வளைவில் எதிரே பஸ் வந்தது,
எல்லாம் அந்த வட்டத்தில் தேய்மானமாய்ச் சேரும்.
இதிலோ
கம்பெனியில் கல் பிடித்த வரிகூட அழியவில்லை.

பின்பக்க ஃபிளாஞ்சைத் திருப்பினேன்.
கியர்பாக்ஸ் மூக்கு உட்காரும் குழியே இல்லை.
சென்டர் டிரில் வைத்த ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

"ஜெனரேட்டர்" என்றேன்.

டீ கிளாஸ் பாதியில் நின்றது.

ஏதோ அரிசி ஆலையில்,
அல்லது சினிமாக் கொட்டகையின் பின்சுவரில்,
கரண்ட் போன நேரமெல்லாம் சுற்றியிருக்கிறது.
நிமிஷத்துக்கு ஆயிரத்தைந்நூறு,
ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை.
எத்தனை லட்சம் சுற்றோ.
ஒரு மைல்கல்லையும் தாண்டவில்லை.
அது போன முதல் பயணமே
சித்தூரிலிருந்து இங்கே, சாக்கில்.

"அப்ப வேண்டாமா?"
வேண்டாம் என்று யார் சொன்னது.
இரும்பு நல்ல இரும்பு.
பைலட் பேரிங்குக்குக் குழி போடணும்,
பின்னை முப்பதுக்கு இறக்கணும்,
ரெண்டு நாள்.
அப்புறம் மலை ஏறுவதும் இறங்குவதும்
அதுவாய்க் கற்றுக்கொள்வது.
அதற்கு நான் ரசீது தரமுடியாது.

லேத்தில் கட்டி டயல் வைத்து
ஓட்டம் பார்த்தேன்.
இலியாஸ் சோப்புத் தண்ணீர் விட
முதல் சுருள் நீலமாய்ச் சுருண்டு விழுந்தது.
பெஞ்சில் சாய்ந்து
கண்ணை மூடியிருந்தான் முனிகிருஷ்ணன்.
அவன் இடது கால் மட்டும்
தரையை அழுத்தி
விட்டது,
அழுத்தி
விட்டது.